படத்தில் இருந்த கை

16 நவம்பர், சனி

நேற்று மூன்றாவது பீரியடில், பாலத்துப் பள்ளிக்கூடத்தின் பத்தாம் வகுப்பு ஆ பிரிவில், நான் விற்ற படம் ஒன்றைத் திரையில் போட்டார்கள். அயோடின் குறைந்தால் வருகிற முன்கழுத்துக் கழலை பற்றிய பாடம். படத்தில் கழுத்து வீங்கி நிற்கும் பெண், அதே வகுப்பில் படிக்கும் சங்கவி என்ற பிள்ளையின் அம்மா. பிள்ளை பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. இன்று சிறப்பு வகுப்புக்கும் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அறிவியல் டீச்சர் தில்லைநாயகி காலையில் போனில் சொன்னதை எழுதியிருக்கிறேன். யார் எதை எப்போது சொன்னார்கள் என்று எழுதி வைப்பது என் தொழில் பழக்கம். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை தேனியில் என் கடைக்கு ஈ கூட வராது. அந்த நேரம் டைரிக்கு. இது வழக்கு கிழக்கு என்று போனால் படிக்கிறவனுக்கு விளங்க வேண்டும், அதனால் இந்த முறை கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சன்னாசி கல்விப் பொருளகம் என் கடை. சுருட்டிக் கட்டிய படத்தாள்களை சைக்கிளில் வைத்துப் பள்ளி பள்ளியாக அலைந்து வந்தவன் நான். இப்போது படத்தாள் யாருக்கும் வேண்டாம். பென் டிரைவில் இரண்டாயிரத்து நூறு படம் போட்டுத் தருகிறேன். ஸ்மார்ட் போர்டில் செருகினால் பாடவாரியாக வரும். முக்கால்வாசி பெங்களூர்க் கம்பெனி ஒன்றிடம் முறையாக உரிமம் வாங்கியது. மீதி நம் பக்கத்துப் படங்கள். "வெள்ளைக்காரன் கழுத்தையும் வெள்ளைக்காரன் வயலையும் காட்டினா நம்ம பிள்ளைக மனசுல ஒட்டுமா அண்ணே" என்று வாத்தியார்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், மூடிப்போன ராஜாமணி ஸ்டுடியோவின் பழைய படங்களை அவர் மகனிடம் பத்திரம் எழுதி வாங்கினேன். நாற்பத்து மூன்று பள்ளிக்கூடம் என் சரக்கை எடுக்கிறது என்றால் அந்தப் படங்களால்தான்.

இதுவும் ஸ்டுடியோ படம். ஏதோ மருத்துவ முகாமில் எடுத்தது. பன்னிரண்டு வருடம் படத்தாளில் தீப்பெட்டி அளவில் எல்லாச் சுவரிலும் தொங்கியது. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணுல கறுப்புப் பட்டை போட்டுத்தானே டீச்சர் குடுத்தோம்?"

"பட்டை இருக்கு சார். கையும் இருக்கே. அந்தம்மா இடது கையத் தூக்கிக் கழுத்தோரமா வச்சிருக்கு. கையில தேளு பச்சை குத்தியிருக்கு. கட்டி நல்லாத் தெரியட்டும்னு நான் ரெண்டு விரல வச்சுப் பெருசு பண்ணேன். தேளும் சேந்து பெருசாயிருச்சு. கடைசி பெஞ்சுல ஒருத்தன், 'டேய், இது ஒச்சக்கா கைடா'ன்னான். வகுப்பே சிரிச்சிருச்சு சார்."

ஒச்சம்மாள் அந்தப் பள்ளிக்கூட வாசலில் கொய்யாவும் மாங்காய்க் கீற்றும் விற்கிற பெண். எந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து மாங்காய் வாங்குகிறது? காசு வாங்குவதும் கை, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தருவதும் கை. தினமும் இரண்டு வேளை அந்தத் தேளைப் பார்க்கிற பிள்ளைகள்.

அந்தக் கை படத்தில் ஏன் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. படம் எடுத்தது ராஜாமணி. அவர் இப்போது இல்லை.

கடவாய்ப் பல் வலிக்கிறது. ஷட்டருக்கு எண்ணெய் போட வேண்டும்.

18 நவம்பர், திங்கள்

தலைமையாசிரியர் கூப்பிட்டார். போகும்போதே உரிமத்தாளை எடுத்துக்கொண்டு போனேன். என் பென் டிரைவ் டப்பாவுக்குள் மடித்து வைத்திருப்பேன், யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

"என்ன சன்னாசி, இப்பிடிப் படத்தெல்லாமா விப்பாங்க? நாளைக்கு அந்தம்மா கலெக்டர்ட்ட மனு குடுத்தா யாரு பதில் சொல்றது?"

நான் சத்தம் போடவில்லை. யாராவது ஒரு பிள்ளை திரையைப் போனில் படம் பிடித்ததா என்று மட்டும் கேட்டேன். பிடித்திருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போயிருக்கிறது. உரிமத்தாளை விரித்து மூன்றாவது பத்தியில் விரலை வைத்தேன். வகுப்பறைக்குள் மட்டும், பிரதி எடுக்கக் கூடாது, மீறினால் பள்ளியே பொறுப்பு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டீ வந்தது. கிளம்பும்போது இயற்பியல் தொகுப்பையும் அனுப்பச் சொன்னார். போன காரியத்தைவிட அதிகமாகவே முடித்துவிட்டு வந்தேன். அது என் திறமை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வாசலில் ஒச்சம்மாள் இருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டு, அந்த வெயிலில் மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தாள். வண்டியை நிறுத்தவில்லை. பல் வலி.

19 நவம்பர், செவ்வாய்

கம்ப்யூட்டர் பார்க்கும் மெர்லின் மூலத் தொகுப்பிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டாள். புதிதாகப் போகிற சரக்கில் இனி வராது. பழைய நாற்பத்து மூன்றில் இருப்பது இருக்கிறதுதான்.

"சார், இந்தம்மாகிட்ட சம்மதக் கையெழுத்து இருக்கா?"

பத்திரத்தைக் காட்டினேன்.

"இது ஸ்டுடியோக்காரர் மகன் கையெழுத்து சார். நான் படத்துல இருக்கிறவங்களக் கேக்குறேன். பெங்களூர்க்காரன் ஒவ்வொரு மூஞ்சிக்கும் ஒரு தாள் வச்சிருப்பானாம்ல."

குளோப் பார்சல் பிரிக்காமல் கிடக்கிறது, அதை முதலில் பார் என்றேன். பிரித்ததில் இரண்டு குளோப் நசுங்கியிருந்தது. லாரி ஆபீசுக்குப் போன் செய்து திட்டினேன். மனது கொஞ்சம் சரியானது.

21 நவம்பர், வியாழன்

சின்னமனூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று என் பென் டிரைவை அப்படியே நகல் எடுத்து, தங்கள் இன்னொரு பள்ளிக்கும் கொடுத்திருக்கிறது. போன் போட்டேன்.

"ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான்யா லைசன்ஸ். கேக்காம எடுத்து ஓட்டுறதுக்குப் பேரு என்ன? அவன் பொருள அவனக் கேக்காம எடுக்கலாமா?"

பேசிக்கொண்டே திரும்பினேன். மெர்லின் தட்டச்சு செய்வதை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பித் தட்ட ஆரம்பித்தாள்.

மாலையில் தில்லை டீச்சர். சங்கவி இன்றும் வரவில்லை. பிள்ளைகள் அவளுக்கு அயோடின் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்களாம். டிசம்பர் ஒன்பதில் அரையாண்டுத் தேர்வு. அதற்குள் வராவிட்டால் இந்தப் பிள்ளை பொதுத்தேர்வும் எழுதாது என்கிறார். "வகுப்புல மூணாவது ரேங்க் சார். 'நான் கம்பம் தோட்டத்துல திராட்சை வெட்டப் போறேன், என்னை விட்ருங்க'ன்னு சொல்லுது." சொல்லிவிட்டு டீச்சர் அழுதார். பட்டை போட்ட படத்தைப் பெரிதாக்கியது தன் விரல்தான் என்று அழுகிறார். அழுகிற ஆளிடம் பேச எனக்கு வராது. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

23 நவம்பர், சனி

ஒரு கவரில் பத்தாயிரம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். சனிக்கிழமை கூட்டமில்லை. ஒச்சம்மாள் கொய்யாவைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தாள். அது முன்பும் அப்படித்தான் இருக்கும்; நான் கவனித்ததில்லை.

படம் விற்கிற கடை என்னுடையது என்றேன். அவள் நிமிர்ந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அந்த லைட்டுக்காரருதான? காட்டுநாயக்கன்பட்டி முகாமுல, குடை மாதிரி லைட்டப் புடிச்சிட்டு நின்னீங்களே."

"நான் கடைக்காரன்மா" என்றேன். அதில் பொய் இல்லை.

கவரை நீட்டினேன். வாங்கவில்லை.

"கொய்யா கிலோ அறுபது. அது ஏம் பொருளு, அதுக்கு நான் வெல சொல்லுவேன். இதுக்கு என்னத்தச் சொல்ல? எம்மக வாயத் தொறந்து பேசி எட்டு நாளாச்சு. எங்கிட்டயே பேச மாட்டேங்குறா. கழுத்துத் தழும்பு சின்னதுல கொப்புளம் உடைஞ்சதுன்னு சொல்லி வச்சிருந்தேன். 'நீ ஏன் பொய் சொன்ன'ன்னு ஒரே வார்த்த. அம்புட்டுதான்."

"பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்க. படத்தை நான் தொகுப்புல இருந்து எடுத்துட்டேன்."

"எல்லா எடத்துலயுமா?"

ஒரு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தப் பல்லை வைத்துக்கொண்டு கொய்யாவை என்ன செய்வது. மெர்லினிடம் கொடுத்துவிட்டேன்.

25 நவம்பர், திங்கள்

சங்கவி வந்தாளா என்று டீச்சருக்கு நானாகவே போன் செய்து கேட்டேன். வரவில்லை.

26 நவம்பர், செவ்வாய்

நல்ல செய்தி. ஸ்டுடியோவிலிருந்து வந்த பழைய கோப்புகளை மெர்லின் குடைந்துகொண்டிருந்தாள். நான் தேடச் சொல்லவில்லை, அவளாகத் தேடினாள். மூன்றாவது அட்டைப்பெட்டியில் தாள் கிடைத்துவிட்டது. முகாம் நடத்திய டிரஸ்டின் சம்மதப் படிவம், தேதி 11.1.2004. பெயர் ஒச்சம்மாள், வயது இருபது. கீழே கட்டைவிரல் ரேகை. படத்தைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் எங்கும் எப்போதும் பயன்படுத்தலாம் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது.

வக்கீல் தம்பிதுரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இனிமே உங்கள ஒரு பய அசைக்க முடியாது" என்று பதில் வந்தது.

தாளின் கீழே சாட்சி என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் ஒரு கையெழுத்தும் இருக்கிறது. மெர்லின் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. தாளை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

தாளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

27 நவம்பர், புதன்

பல் பிடுங்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்ன வயது ஆள், நல்ல கை. என் வாயை ஒரு கம்பியால் அகலப் பிரித்து வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் சார். எங்க டாக்டர்ஸ் மட்டும்தான் பாப்போம். முகம் வராது."

வாய் பிளந்து கிடக்கிற ஆள் எப்படி வேண்டாம் என்பது. கையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "வலிக்காது சார்" என்றார். நான் எழுந்து உட்கார்ந்து கம்பியை நானே பிடுங்கி வைத்தேன். நர்ஸ் பயந்துவிட்டது. படம் வேண்டாம் என்றேன். எதற்கு இவ்வளவு பதற்றம் என்று அவருக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன தாளை இரண்டு பக்கமும் படித்தேன். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

பல் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

28 நவம்பர், வியாழன்

பதினாறாம் தேதி அந்தக் கையைப் பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும். தப்பாக ஒன்று எழுதிவிட்டால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவதுதான் முறை. ஆனால் அது ஒரு வரியில் முடிகிற திருத்தம் இல்லை.

நான் ராஜாமணி ஸ்டுடியோவில் நாலு வருடம் வேலை பார்த்தேன். விளக்குப் பிடிப்பது, பெட்டி தூக்குவது, ஆளைச் சரியாக உட்கார வைப்பது. காட்டுநாயக்கன்பட்டி முகாமுக்குப் போகும்போது எனக்கு இருபத்து நாலு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, கழுத்து வீங்கியவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்தோம். மலையடிவாரம், அப்போது பாதி ஊருக்குக் கழுத்து அப்படித்தான்.

ஒச்சம்மாள் மட்டும் கழுத்திலிருந்து தலைப்பை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம். ராஜாமணி கோபத்தில் பீடி குடிக்கப் போய்விட்டார், "நீ பேசி வைடா" என்று. பேசினேன். என்னால் யாரையும் பேசி வைக்க முடியும். அன்றைக்குத்தான் அது எனக்கே தெரிந்தது.

"வர்ற தை மாசம் பொண்ணு பாக்க வாராங்க அண்ணே. இது வெளிய தெரிஞ்சா அம்புட்டுதான்" என்றாள்.

நான் சொன்னது இது. "டாக்டரத் தவிர ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. முகம் வராது. உன்னை என் தங்கச்சியா நெனச்சுச் சொல்றேன்."

தலைப்பை எடுத்தாள். வீக்கத்தின் அளவு படத்தில் தெரியவில்லை என்று ராஜாமணி சொன்னார். பக்கத்தில் ஏதாவது வைத்தால்தான் அளவு தெரியும். அவள் இடது கையைப் பிடித்துத் தூக்கி, கழுத்தோரம் வைத்தவன் நான். தேள் நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தவனும் நான். வெறும் தோலைவிடப் பச்சை இருந்தால் படம் துல்லியமாக விழும் என்று நினைத்தேன்.

கட்டைவிரல் ரேகைக்கு மாத்திரை டோக்கன் என்று சொன்னேன். ஆங்கிலம் அவளுக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. ஆனால் அது மாத்திரை டோக்கன் இல்லை என்று தெரியும். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

தம்பிதுரை சரியாகத்தான் சொல்கிறான். என்னை யாரும் அசைக்க முடியாது.

30 நவம்பர், சனி

தாளை எடுத்துக்கொண்டு ஆற்றோரத் தெருவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கணவர் ஏலத்தோட்டத்தில், மாதத்துக்கு ஒரு தடவை மலை இறங்குகிறவர். சங்கவி சுவரோரம் உட்கார்ந்து கொய்யாவைக் கூறு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஒச்சம்மாள் தண்ணீர் கொடுத்தாள். "சொல்லுங்கண்ணே."

"லைட்டுப் பிடிச்சது நான்தான்" என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க எப்ப ஒத்துக்கிறீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

தாளை நீட்டினேன். பிள்ளைதான் வாங்கிப் படித்தது. ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் அம்மாவுக்குச் சொல்லியது. கடைசி வரி வந்ததும் என்னைப் பார்த்தது.

"எங்கம்மாகிட்ட என்ன சொல்லி ரேகை வாங்குனீங்க?"

சொன்னேன்.

"படம் எடுக்கிறதுக்கு என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க. சுருக்காம."

சொன்னேன். தங்கச்சி என்ற இடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். பல் பிடுங்கிய புண் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. ஒச்சம்மாள் தரையைப் பார்த்தபடி, "இதே வார்த்ததான்" என்றாள் மகளிடம். "ஒரு எழுத்து மாறல."

நான் தொழில்காரன். அடுத்த நிமிடமே பேரத்தில் இறங்கினேன். படத்தை எல்லா இடத்திலும் அழிக்கிறேன், பிளஸ் டூ வரைக்கும் படிப்புச் செலவு என்னுடையது, திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்குப் போகட்டும் என்றேன்.

"படிப்புச் செலவுக்கு எங்கப்பா இருக்காரு" என்றாள் சங்கவி. "இங்க நாலு சுவத்துக்குள்ள சொன்னதை வச்சு நான் என்ன பண்றது? சிரிச்ச எடத்துல வந்து சொல்லுங்க."

"எந்த எடம்?"

"டென்த் பி."

ஹெச்.எம். அறையில் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கடிதமாக எழுதித் தருகிறேன், டீச்சர் படிக்கட்டும் என்றேன். அதுவும் வேண்டாம். போனில் பேசிப் பதிவு செய்து தருகிறேன், வகுப்பில் போட்டுக் காட்டட்டும் என்றேன்.

"வீடியோவா? அது எங்கெங்க போகும்னு உங்களுக்குத் தெரியாதா அங்கிள்?"

இருபது வருடமாகப் பேரம் பேசுகிறேன். என் மூன்று கதவையும் இப்படி வரிசையாகச் சாத்தியவர் யாருமில்லை. நாற்பது பிள்ளைகளும் டீச்சரும் நிற்கிற இடத்தில் போய், நான் ஒரு பெண்ணை ஏமாற்றினேன் என்று சொல்ல வேண்டும். அந்த நாற்பது பேரும் வீட்டில் போய்ச் சொல்வார்கள். நாற்பத்து மூன்று பள்ளிக்கூடம் என்ன, தேனி முழுக்கப் போகும். அதைச் சொன்னேன். மறைக்கவில்லை.

"ஆமா" என்றாள் சங்கவி. "எங்கம்மா படமும் போயிருச்சுல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒச்சம்மாள் பின்னால் வந்தாள்.

"அண்ணே, முழுசா அழிச்சுராதீங்க. கழுத்து மட்டும் இருக்கட்டும்."

உள்ளேயிருந்து மகள், "அம்மா" என்று அதட்டினாள்.

"சும்மா இருடி. முகாமு டாக்டரு அந்தப் படத்தத் தூக்கிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அலைஞ்சுதான் எனக்கு ஆபரேஷனுக்குப் பெட் கெடச்சுச்சு. படம் இல்லாட்டி நான் கட்டியோடயே போயிருப்பேன், நீ ஏது? மலைமேல போ, இன்னும் மூட்டையில கல்லுப்பு வாங்கித்தான் கொழம்பு வைக்கிறாங்க. பிள்ளைக பாக்கட்டும். என்னைக் கேட்டுட்டுக் காட்டட்டும். அம்புட்டுதான நான் கேக்குறது."

அம்மாவும் மகளும் பதினைந்து நாள் பேசாததையெல்லாம் சேர்த்து அங்கேயே பேச ஆரம்பித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன்.

1 டிசம்பர், ஞாயிறு

கடை விடுமுறை. தொட்டி கழுவினேன். மனைவியிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "இருவது வருஷத்துல அதைக்கூட விசாரிக்கலையா" என்றாள். இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே சொன்னாள்.

2 டிசம்பர், திங்கள்

தம்பிதுரை போன். "தாளைக் கொண்டுபோய் அவங்க கையில குடுத்துட்டீங்களா? உங்களுக்கு என்னண்ணே ஆச்சு, பல்லோட மூளையும் பிடுங்கிட்டாங்களா?"

மெர்லினுக்கு வேலை சொன்னேன். கழுத்து மட்டும் வருகிற மாதிரி படத்தை வெட்டச் சொன்னேன். மோவாய்க்குக் கீழே, தோளுக்கு மேலே. கை வரக் கூடாது. வெட்டிக் காட்டினாள். அளவு தெரியவில்லை. பக்கத்தில் ஒரு அளவுகோல் கோடு வரைந்தாள். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கோடு போதுமாக இருந்திருக்கிறது.

உரிமத்தாள் ஒன்று வேண்டும் என்று சங்கவி கேட்டு அனுப்பியிருந்தாள். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மெர்லினிடம் கொடுத்து அனுப்பினேன்.

3 டிசம்பர், செவ்வாய்

ஆற்றோரத் தெரு. பேரம் படிந்தது. என்னுடைய உரிமத்தாளைப் பார்த்து அதே மாதிரி பத்தி பத்தியாக, கோடு போட்ட தாளில் சங்கவி எழுதி வைத்திருந்தாள். எழுத்து அச்சு மாதிரி. ஒச்சம்மாள் இந்த முறை ரேகை வைக்கவில்லை. மகள் சொல்லிக் கொடுத்தபடி பெயரை எழுதினாள். நேரம் எடுத்துக்கொண்டாள், நானும் மகளும் காத்திருந்தோம். சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. எழுதும்போது மற்றக் கையால் தாளை அழுத்திப் பிடித்திருந்தாள், தேள் அசையாமல் இருந்தது.

நகல் என்னிடம் இருக்கிறது. ஒப்புக்கொண்டவை:

பழைய படம் நாற்பத்து மூன்று பள்ளியிலும் அழிக்கப்படும். ஆள் அனுப்பக் கூடாது. சன்னாசியே நேரில் போய் அழித்து, தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். பொங்கலுக்குள்.

2004 ஆம் வருடத்துச் சம்மதப் படிவம் ஒச்சம்மாளுக்குச் சொந்தம்.

கழுத்து மட்டும் உள்ள புதுப் படத்தை ஒரு வருடம் வகுப்பறைக்குள் மட்டும் காட்டலாம். அடுத்த டிசம்பரில் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

பணம்: இல்லை.

விலை: டிசம்பர் 6, வெள்ளி, மூன்றாவது பீரியட். பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் சன்னாசி நின்று, முகாமில் சொன்னதை, தங்கச்சி என்ற சொல்லும் மாத்திரை டோக்கனும் உட்பட, சுருக்காமல் சொல்ல வேண்டும். போன் எல்லாம் டீச்சர் மேஜையில் இருக்கும். சங்கவி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.